கினுகோ விழக் கற்றுக்கொண்டது

குரோகிசவா ரயில் நிலையத்தின் டிக்கெட் வாசலில் கினுகோ ஹதகேயமா பத்தொன்பது வருடம் நின்றார். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சீருடைத் தொப்பி எப்போதும் ஒரு சுற்று பெரிதாகத்தான் இருக்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு பெட்டி ரயில் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பாதிப் பேரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். யாருக்கு முட்டி வலி, யார் வீட்டுப் பெண் தேர்வு எழுதியிருக்கிறாள், யார் குடையை மறந்துவிட்டுப் போவார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது.

குடையை மறப்பவன் நான்தான். பெயர் மிகாமி. நிலையத்துக்கு எதிரே உள்ள ஆப்பிள் பெட்டிக் கிடங்கில் வேலை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நகர விளையாட்டுக் கூடத்தில் கராத்தே. அப்போது மூன்றாம் நிலைக் கறுப்புப் பட்டை. அதைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அந்த ஜூன் மாதத்தில் கினுகோவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு மதியம் வெளியூர்க்காரர் ஒருவர் கோட்டும் டையுமாக வாசலைக் கடந்தார். அவருடைய சீசன் டிக்கெட் இரண்டு நாளுக்கு முன்பே காலாவதியாகியிருந்தது. கினுகோ அதைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார் என்று பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அந்த மனிதருக்கு மட்டும் ஊரே கேட்கச் சொன்னதாகப் பட்டிருக்க வேண்டும். கை நீண்டு கினுகோவின் காலரைப் பிடித்தது. இரண்டு முறை உலுக்கி, கட்டணப் பலகை மாட்டியிருந்த சுவரோடு தள்ளிவிட்டுப் போய்விட்டார். மொத்தமே ஐந்து நொடி.

நிலைய மேலாளர் தொயாமா போலீசில் சொன்னார். ஆள் அகப்பட்டார், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார், விஷயம் முடிந்தது. முதுகில் இருந்த நீலமும் இரண்டு வாரத்தில் மறைந்தது.

கினுகோவுக்கு மட்டும் முடியவில்லை. உயரமான ஆண் யாராவது வாசலை நெருங்கினால் ஓர் அடி பின்னால் போனார். நான் போனாலும் போனார். அதைப் பார்த்த தொயாமா ஒரு நாள், உள்ளே அலுவலகத்தில் உட்காருங்கள், தொலைந்த பொருள் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். அன்று மாலை நடைமேடைப் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் கினுகோ. எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"மிகாமி சான், அடி பெருசில்லை. அந்த ஆள் பிடிச்சப்போ என் கை ரெண்டும் எங்க போச்சுன்னே எனக்குத் தெரியலை. கத்தவும் இல்லை. பிடிச்சுத் தள்ளவும் இல்லை. மாட்டி வெச்ச சட்டை மாதிரி தொங்கிட்டு இருந்தேன்."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும்."

"நீங்களா இருந்தா?"

நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன்.

வந்தார். கராத்தே அவருக்குப் பிடித்தது. முக்கியமாக அந்தக் கூச்சல். முதல் நாள் கொசு முனகுவதுபோல் கத்தியவர், மூன்றாம் வாரம் கூடத்தின் ஜன்னல் அதிரும்படி கத்தினார். குத்து வருகிறபோது இரண்டு கையையும் தூக்கி முகத்தை மூடக் கற்றார். உதையும் கற்றார், என் இடுப்புவரை வந்தது. செப்டம்பரில் ஒரு நாள் பயிற்சி முடிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அன்னைக்கு மாதிரி ஒருத்தர் காலரைப் பிடிச்சிருக்காரு. இந்தக் குத்தை விட்டா என்ன ஆகும்?"

"சரியா விழுந்தா மூக்கு உடையும்."

"சரியா விழலைன்னா?"

"அவருக்குக் கோவம் இன்னும் ஏறும்."

துணியைப் பிழிந்தபடி யோசித்தார். "மூக்கு உடைஞ்சா மறுநாள் பேப்பர்ல நான்தான் வருவேன். பயணியை அடிச்ச ரயில்வேக்காரி. உடையலைன்னா திரும்ப நான்தான் சுவத்துல கிடப்பேன். நடுவுல ஒண்ணும் இல்லையா?"

நான் பதினெட்டு வருடம் கராத்தே பழகியவன். இப்படி ஒரு கேள்வி எனக்குள் வந்ததே இல்லை.

நடுவில் இருப்பதைத் தேடி அவர் வெள்ளிக்கிழமை ஐக்கிடோவுக்குப் போனார். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் இமா சான் அதை நடத்தினார். பிடிக்கிறவனின் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, அவன் வந்த வேகத்திலேயே அவனை வழியனுப்பி வைக்கும் வித்தை. யாருக்கும் அடிபடாது. பார்க்கவே அழகு. கினுகோவுக்கு மனம் அங்கே ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து நிலையத்துக்குப் பின்னால் என்னை நிறுத்தி, "நிஜமாவே பிடிங்க, விட்டுக் குடுக்காதீங்க" என்றார். பிடித்தேன். திருப்பினார். என் கை அசையவில்லை. மறுபடி திருப்பினார். அவருடைய முகம் சிவந்ததுதான் மிச்சம்.

அவர் இமா சானிடமே போய்க் கேட்டார். இமா சான் நேர்மையானவர்.

"எனக்கு அது கைவரப் பத்து வருஷம் ஆச்சும்மா. அங்க கூடத்துல நாங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்துழைச்சுத்தான் பழகறோம். முரண்டு பிடிக்கிறவன் வேற மாதிரி இருப்பான்."

"பத்து வருஷத்துல எத்தனை முரண்டு பிடிக்கிறவங்க வாசலைத் தாண்டிடுவாங்க" என்றார் கினுகோ. இமா சானும் சிரித்துவிட்டார்.

டிசம்பர் கடைசி ஞாயிறு, வருடக் கடைசிச் சுத்தம். கூடத்தைப் பயன்படுத்தும் மூன்று குழுவும் சேர்ந்து பாய்களைத் தூக்கி, தூசி தட்டி, ஜன்னல் கழுவுவோம். வேலை முடிந்து சோற்று உருண்டையும் தேநீருமாக உட்கார்ந்தால் வருடா வருடம் ஒரே சண்டை வரும்: தெருவில் ஒருவன் வம்புக்கு வந்தால் யாருடைய வித்தை உதவும்?

புதன்கிழமை ஜூடோவை நடத்துகிறவள் மினோரி நரிதா. வயது இருபத்தெட்டு. ஊர் முழுக்க எரிவாயு உருளை கொண்டுபோய்ப் போடுவது அவள் வேலை. ஐம்பது கிலோ உருளையைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போகும்போதும் யாரிடமாவது பேசிக்கொண்டே போவாள்.

"மிகாமி அண்ணன் கால் ரொம்ப அழகா மேல போகும். போன கால் திரும்பி வர்றதுக்குள்ள நான் டீ குடிச்சிடுவேன்" என்றாள்.

"டீயைக் கீழ வெச்சிட்டு எழுந்து வா."

எழுந்து வந்தாள். நான் கைகளில் மென்மையான உறை மாட்டிக்கொண்டேன். முதல் ஆட்டத்தில் அவள் உள்ளே நுழைவதற்குள் தொடையில் ஓர் உதை, வயிற்றில் ஒரு குத்து. "சரி, இது உங்களோடது" என்று ஒப்புக்கொண்டாள். இரண்டாவதில் குத்தை வாங்கிக்கொண்டே உள்ளே வந்தாள். என் கழுத்துப் பட்டையில் அவள் கை விழுந்ததும் கூடத்தின் கூரை உத்தரம் தெரிந்தது. பிறகு பாய் முதுகில் மோதியது. மூன்றாவது முறை நான் மேலங்கியைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடு நின்றேன். பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவள் கை வழுக்கியது. பனியன் கிழிந்தது, நான் விழவில்லை.

"கோடைக்காலத்துல எனக்குக் கஷ்டம்தான்" என்றாள் மினோரி. "ஆனா நம்ம ஊர்ல ஏழு மாசம் எல்லாரும் தடிக் கோட்டு போட்டுட்டுத்தானே திரியறாங்க."

"வெளிய வா. தெருன்னா தெருவுலயே பார்ப்போம்" என்றேன்.

வாகனம் நிறுத்துமிடத்தில் பனி இறுகிக் கிடந்தது. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள். நான் உதைப்பதற்குக் காலைத் தூக்கினேன். மினோரி என்னைத் தொடவே இல்லை. நானே விழுந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. மினோரி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நானும் இங்க ஜெயிச்சதாச் சொல்ல முடியாது. பாய்ல போட்ட மாதிரி இந்தத் தரையில உங்களைப் போட்டிருந்தா நீங்க ஆஸ்பத்திரி, நான் போலீஸ் ஸ்டேஷன். ரெண்டு பேர் வந்தா ஓடணும். கத்தி வெச்சிருந்தா பையை அவன் மேல எறிஞ்சிட்டு ஓடணும். எந்த வித்தையா இருந்தாலும் இதுதான். ஓட வழி இல்லாதப்போ, ஆள் ஏற்கெனவே உங்களைப் பிடிச்சிட்டப்போ, அப்போதான் ஜூடோ."

கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த கினுகோ முன்னால் வந்தார். "என்னைப் பிடிங்க" என்றார்.

எல்லாரும் உள்ளே திரும்பினோம். மினோரி அவருக்கு ஒரு ஜூடோ மேலங்கியைப் போர்த்தி, வலது கையால் காலரைப் பிடித்தாள். அவ்வளவுதான். கினுகோவின் முகம் வெளுத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார், கை இரண்டும் தொங்கின. மினோரி உடனே விட்டுவிட்டாள். கேலி முழுக்க அவள் குரலிலிருந்து போயிருந்தது.

"கண்ணைத் திறங்க. இப்போ நீங்க என் காலரைப் பிடிங்க. இன்னும் நல்லா. இன்னொரு கையால இந்தச் சட்டைக் கையை. ம். இப்போ நான் உங்களைப் பிடிக்கிறேன். பாருங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நிக்கிறோம். எங்ககிட்ட எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். இது எங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி."

ஜனவரி முதல் புதன்கிழமை கினுகோ சேர்ந்தார்.

மூன்று மாதம் அவருக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்தாள் மினோரி: விழுவது. பின்னால், பக்கவாட்டில், முன்னால் உருண்டு. தாடையை மார்போடு ஒட்டவேண்டும், தலை தரையைத் தொடக்கூடாது, கை முழுவதும் பாயை அறைய வேண்டும். வீட்டில் எரிவாயு உருளை மாட்ட வரும் பெண்ணைப் புதன்கிழமை மட்டும் 'சென்செய்' என்று ஆசிரியருக்குரிய மரியாதையோடு கூப்பிட வேண்டியிருந்ததில் கினுகோவுக்கு ஒரு சிரிப்பு. மற்ற நாட்களில் மினோரிதான் இவரை 'அக்கா' என்பாள். லாரி ஓட்டும் கணவர், இவர் கையில் இருந்த நீலங்களைப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன்ல வாங்கினது பத்தலைன்னு இப்போ தேடிப் போய் வாங்குறியா?" என்றாராம். "அங்க வாங்கினப்போ தூக்கம் போச்சு. இங்க வாங்கினா நல்லாத் தூங்குறேன்" என்று இவர் பதில் சொன்னாராம்.

பிப்ரவரியில் ஒரு காலை, எங்கள் கிடங்கு வாசலில் மளிகைப் பையோடு வழுக்கினார் கினுகோ. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில் மேலே போயின. தாடை ஒட்டிக்கொண்டது, உடம்பு வில் மாதிரி வளைந்தது, கை பனியை அறைந்தது. அடுத்த நொடி எழுந்து உட்கார்ந்து பைக்குள் எட்டிப் பார்த்தார். முட்டை ஆறு உடைந்திருந்தது, வேறொன்றும் உடையவில்லை. அதே வாரம் அதே இடத்தில் நானும் வழுக்கினேன். கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்தது. மூன்றாம் நிலைக் கறுப்புப் பட்டை ஆறு வாரம் கட்டுப்போட்ட கையோடு ஆப்பிள் எண்ணிக்கொண்டிருந்தது.

"நம்ம ஊர்ல அதிகமா ஆளை அடிக்கிறது யாருன்னு பார்த்தீங்களா?" என்று மினோரி தரையைக் காட்டினாள். கட்டுப் பிரித்த பிறகு நானும் வெட்கத்தை விட்டுப் புதன்கிழமைகளில் விழப் போனேன்.

விழுவதற்குப் பிறகு, மல்லுக்கட்டு. கராத்தேயில் நாங்கள் குத்தை மயிரிழையில் நிறுத்துவோம். ஜூடோவில் நிறுத்தத் தேவையில்லை. எதிரில் இருப்பவர் முழுப் பலத்தோடு உங்களைத் தள்ளுவார், இழுப்பார், நீங்களும் முழுப் பலத்தோடு எதிர்ப்பீர்கள். விழ விரும்பாத ஒருவரோடு வாரந்தோறும் மோதிப் பார்க்கிற வாய்ப்பு எங்கள் செவ்வாய்க்கிழமையிலும் இல்லை, இமா சானின் வெள்ளிக்கிழமையிலும் இல்லை. கினுகோ பெரும்பாலும் கீழேதான் கிடந்தார். உயர்நிலைப் பள்ளிப் பெண்கள்கூட அவரைத் தூக்கிப் போட்டார்கள். ஒரு மாலையில் முப்பது நாற்பது முறை அவர் காலரில் கை விழும். கோடை வருவதற்குள் அந்தக் கை அவருக்குப் பழகிய ஒன்றாகிவிட்டது. பிடித்தவர் எந்தப் பக்கம் சாய்கிறார், எந்தக் காலில் கனம் இருக்கிறது என்பதைப் பார்க்க ஆரம்பித்தார். டிக்கெட் வாசலில் பின்னால் போவது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. தொயாமா கவனித்தார், சொல்லவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்திருந்த தொலைந்த பொருள் பதிவேட்டை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

மறு வருடம் ஏப்ரல் கடைசி. செர்ரி பூத்த வாரம். கோட்டைப் பூங்காவுக்குப் போகிறவர்களும் வருகிறவர்களுமாக இரண்டு பெட்டி ரயில் பிதுங்கியது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கினுகோ நடைமேடையில் நின்றார். நண்பகல் தாண்டியிருந்தது. நான் விடுமுறை எடுத்துப் பூப்பார்க்கக் கிளம்பி வரிசையில் நின்றேன்.

கக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் விரிப்போடு ஓர் இளைஞன் நடைமேடை விளிம்போர மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றான். முப்பது வயதிருக்கும். பெரிய உடம்பு, கனமான டெனிம் சட்டை. காலையிலிருந்தே குடித்திருப்பான் போல, நின்ற இடத்திலேயே மெல்ல ஆடினான். கினுகோ போய், கோட்டுக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னார்.

"தொப்பிக்குள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குனிந்து பார்த்தான். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

"இருக்கேன். இந்தப் பக்கம் வாங்க. ரயில் வருது."

"எனக்குத் தெரியும் எங்க நிக்கணும்னு."

"தெரிஞ்சா சந்தோஷம். வாங்க."

சிரிப்பு இப்போது அவன் மேல் திரும்பியது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கை நீண்டு கினுகோவின் காலரைப் பிடித்தது.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நான்கு பேர். நான் பார்த்தது கினுகோவின் முகத்தை. வெளுக்கவில்லை. அவர் இடது கை, யாரும் சொல்லாமலே, அவனுடைய சட்டைக் கையைப் பற்றியிருந்தது. அவன் உதறித் தள்ளினான். அத்தனை கனத்தை அந்தச் சின்ன உடம்பு எப்படித் தாங்கும்? கினுகோ பின்னால் போய்க் கான்கிரீட்டில் விழுந்தார். தொப்பி உருண்டது. கை தரையை அறைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரோ ஒரு பெண், ஐயோ தலை, என்றாள்.

தலை தரையைத் தொடவே இல்லை. அது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆனாலும் நான் முஷ்டியை மடக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்து முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

கினுகோ எழுந்து நின்றார். சட்டையைக்கூடத் தட்டவில்லை. "இந்தப் பக்கம் வாங்க" என்றார், முன்பு சொன்ன அதே குரலில்.

விழுந்தவர் இப்படி எழுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. திகைத்து ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி. பின்னால் நடைமேடை முடிகிறது. ரயிலின் ஹாரன் கேட்டது. அவன் குதிகால் விளிம்புக்கு வெளியே போனது. கையிரண்டும் காற்றில் அலைந்தன, நீல விரிப்பு தண்டவாளத்தில் விழுந்தது.

கினுகோ இரண்டே எட்டில் அவனிடம் போனார். ஒரு கை சட்டைக் கையில், ஒரு கை காலரில். தள்ளவில்லை, இழுத்தார். தன் முழு எடையையும் பின்னால் சாய்த்து, திரும்பி, காலால் அவன் காலை வாரினார். நடைமேடையின் உட்பக்கமாக இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். விழும்போதே அவன் தலைக்கடியில் தன் முழங்கையைக் கொடுத்திருந்தார். விழுந்ததும் அவன் கழுத்தையும் ஒரு கையையும் அணைத்துப் பிடித்து, விலாவோடு விலா ஒட்டிப் படுத்தார். புதன்கிழமைகளில் அந்தப் பிடிக்குள் நானும் கிடந்திருக்கிறேன். நாற்பத்தாறு கிலோ அம்மாள் அப்போது ஒரு நெல் மூட்டை மாதிரி கனப்பார்.

தொயாமா அவசரப் பொத்தானை அழுத்த, ரயில் நடைமேடையின் தொடக்கத்திலேயே நின்றது.

அவன் கொஞ்ச நேரம் திமிறினான். கினுகோ அவன் காதருகே பேசிக்கொண்டே இருந்தார்.

"மூச்சு விடுங்க. மெதுவா. உங்களை யாரும் அடிக்கப்போறதில்லை. எழுந்திரிக்கலாம், இப்போ இல்லை, கொஞ்சம் கழிச்சு. மூச்சு விடுங்க."

திமிறல் அடங்கியது. பிறகு அவன் குரல் கேட்டது, சின்னப் பிள்ளை மாதிரி. "என் ஒரு ஷூ கழண்டுடுச்சு."

"தேடித் தர்றோம். தொலைஞ்சதைத் தேடித் தர்றதும் எங்க வேலைதான்."

போலீஸ்காரர் வரும்வரை நான் அங்கேயே நின்றேன். கை இன்னும் மடங்கியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. கினுகோவின் முழங்கை ஒரு வாரம் வீங்கியிருந்தது. மறு ஞாயிறு நிலையத்தின் பெஞ்சில் அவரிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"நான் அவனைக் குத்தியிருப்பேன். இன்னும் ரெண்டு எட்டு முன்னால இருந்திருந்தா நிச்சயமாக் குத்தியிருப்பேன்."

"தெரியும். பார்த்தேன்."

"நல்லா விழுந்திருக்கும் அந்தக் குத்து."

"விழுந்திருக்கும். அவனும் விழுந்திருப்பான், பின்பக்கமா." தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா மிகாமி சான், அவன் எடுத்த எடுப்புல என் முகத்துல குத்தியிருந்தா ஜூடோ எனக்கு உதவியிருக்காது. கையைத் தூக்கி முகத்தை மறைக்கணும்னு உங்க செவ்வாய்க்கிழமையிலதான் கத்துக்கிட்டேன். அந்தக் குரலும் அங்க கிடைச்சதுதான். இன்னும் கை வைக்காம வம்பு பண்றவங்க முன்னால கோவப்படாம நிக்கிறது இமா சான்கிட்ட. பிடிச்சவங்களை என்ன பண்றதுங்கிறதை மட்டும்தான் மினோரிகிட்ட கத்துக்கிட்டேன். எனக்கு வாய்ச்சவங்க எல்லாம் பிடிக்கிறவங்களாவே இருந்தாங்க, அதான்."

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞன் மனைவியோடு வந்தான், கையில் இனிப்புப் பெட்டி. வாசலின் முன் இடுப்பு மடங்கக் குனிந்து வெகு நேரம் நிமிரவே இல்லை. பயணிகள் சுற்றிப் போனார்கள். தன் சகோதரனுக்கு இரண்டு வருடம் முன்பு நடந்த விபத்தைப் பற்றி அவன் ஏதோ சொன்னான், கினுகோ அதை யாரிடமும் சொல்லவில்லை. போகும்போது, அது என்ன வித்தை என்று கேட்டானாம். "ஜூடோ. புதன்கிழமை ஆறரைக்கு. வாங்க" என்று இவர் கூடத்துக்கு வழியும் சொல்லியிருக்கிறார். அவன் வரவில்லை. ஆனால் அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே தலை குனிந்து வணங்கிவிட்டுப் போவான்.

வந்தவர்கள் வேறு பேர். அந்த ரயில் பாதையில் உள்ள மற்ற நிலையங்களின் ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் தொயாமா, ஐம்பத்தெட்டு வயதில், முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு. மினோரி அவர்களுக்கென்று தனியாக அரை மணி நேரம் ஒதுக்கினாள்: விழுவது, பிடியை விடுவிப்பது, ஆளைக் காயமில்லாமல் உட்கார வைப்பது, எப்போது ஓடுவது. ஓடுவதைத்தான் அவள் அதிக நேரம் சொல்லிக் கொடுத்தாள். நவம்பரில் பனி விழத் தொடங்கும் முன் ஊர்க்காரர்களுக்காக விழும் வகுப்பு ஒன்றையும் கினுகோவே தொடங்கினார். முதல் வருடம் ஒன்பது பேர். அடுத்த வருடம் பாய் போதாமல் பள்ளியிலிருந்து இரவல் வாங்கினோம். பனியில் விழுந்து எலும்பு முறிந்தவர்கள் குறைந்தார்களா என்று கணக்கு எதுவும் யாரிடமும் இல்லை. விழுந்துவிட்டு எழுந்து, "தாடையை ஒட்டிட்டேன் பாருங்க" என்று கினுகோவிடம் வந்து சொல்கிறவர்கள் குளிர்காலம் முழுக்க டிக்கெட் வாசலில் வந்துகொண்டே இருந்தார்கள்.

நாற்பத்தேழாம் வயதில் கறுப்புப் பட்டை வாங்கினார், மூன்றாவது முயற்சியில். அந்த இலையுதிர் காலத்தில் அவொமொரி நகரில் மூத்தோருக்கான போட்டி ஒன்றுக்கு மினோரி பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள். கினுகோ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டார்.

நானும் கூடப் போனேன். எதிராளி ஹச்சினொஹே துறைமுகத்தில் மீன் ஏலத்தில் வேலை பார்க்கும் அம்மாள், ஐம்பத்திரண்டு வயது, கழுத்தே தெரியாத தோள். இருவரும் வணங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாளின் கை கினுகோவின் காலரில் விழுந்தது. கினுகோ சிரித்ததை நான் பார்த்தேன். நாற்பது நொடியில் எல்லாம் முடிந்தது. அழகான எறி, எறிந்தது அந்த அம்மாள். முழுப் புள்ளி என்று நடுவரின் கை நேராக மேலே போனது.

திரும்பி வரும் ரயிலில் மினோரியும் நானும் ஆறுதல் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தோம். கினுகோ இடம் கொடுக்கவில்லை.

"மினோரி, அவங்க வலது கையை எப்போ மாத்தினாங்க? நான் பார்க்கவே இல்லை."

"முதல் இழுப்புலயே மாத்திட்டாங்க அக்கா."

"எழுந்திரு. காட்டு."

"ரயில்லயா?"

"ஆள் யாரும் இல்லை. காட்டு."

மினோரி எழுந்து நின்று, ஆடும் பெட்டியில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்தாள். கினுகோ அந்தக் கையைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். "மறுபடி" என்றார். மினோரி கையை எடுத்து மறுபடி பிடித்தாள். ஆப்பிள் தோட்டங்கள் ஜன்னலில் போய்க்கொண்டிருந்தன, பழுத்த நேரம். எங்கள் நிலையம் வருவதற்குள் அவர் அதைப் பதினோரு முறை செய்து காட்டச் சொன்னார்.